இத்தா வீட்டு உலக்கைச் சத்தம்

பெருநாள் வராத மாதத்தில், கலியாணம் பேசாத வீட்டில், உலக்கைச் சத்தம் கேட்கக் கூடாது என்று எந்தக் கிதாபிலும் எழுதப்படவில்லை. ஆயினும் சாய்ந்தமருதுக் கடற்கரை ஒழுங்கைகளில் வாழ்ந்த பெண்கள் அப்படியொரு சட்டம் இருப்பதாகவே நடந்துகொண்டார்கள். பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு ஸம்ஸியா தன் குசினிக்குள் உலக்கையைத் தூக்கி முதல் இடி இடித்தபோது, வேலிக்கு அப்பால் சல்மா உம்மாவின் சுளகுச் சத்தம் சட்டென்று நின்றுபோனதை அவளே கவனித்தாள். தான் நிறுத்தி மூச்சு வாங்கும்போதும் சுளகு அசையவில்லை. மறுபடி இடித்தாள். மறுபடி நிறுத்தினாள். சல்மா உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“என்னகா புள்ள, என்ன இடிக்கிறாய்?” என்று வேலிக்கு மேலால் குரல் வந்தது.

“சும்மாதான் மாமி” என்றாள் ஸம்ஸியா.

கணவன் மௌத்தாகி இரண்டு மாதமான பெண், நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல் வெள்ளை உடுத்து இத்தா இருக்க வேண்டியவள், சும்மா மா இடித்தாளாம். அந்த ஒரு சொல்லை ஊர் மென்று முடிக்க எத்தனை நாள் ஆகும் என்பதை அவள் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடத்தது. அதையே அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கணவர் ஆதம்பாவா நெல் வியாபாரி. எண்பத்தொன்றாம் ஆண்டு கார்த்திகை மழையில், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் வயிறாரச் சாப்பிட்டார். “நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்கிது புள்ள, வாய்வாக்கும்” என்றார். அவள் இஞ்சியும் உள்ளியும் தட்டிப் போட்டுக் கசாயம் வைத்துக் கொடுத்தாள். கோப்பையில் பாதி மிச்சமிருக்கவே அவர் போய்விட்டார். வயது ஐம்பத்தொன்று. ஒரே மகன் றஸாக் சவூதியில், தம்மாமில், வேலை செய்தான். தந்தி அவன் கைக்குக் கிடைத்தபோது மூன்றாம் நாள் ஓதும் கத்தமும் முடிந்திருந்தது.

நாற்பதாம் நாள் வரையில் வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். நாற்பதாம் கத்தம் ஓதி முடித்த மறுநாள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு அனைவரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சாப்பாடு வருவது மட்டும் நிற்கவில்லை. இத்தா இருப்பவளுக்குக் கொடுத்தால் நன்மை என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூடிய கோப்பைகள் வந்தன. நெய்யில் பொரித்தது, தேங்காய்ப்பால் கெட்டியாக விட்டது, எருமைத்தயிர், வட்டிலப்பம். ஸம்ஸியா அத்தனையையும் சாப்பிட்டாள். பசியினால் அல்ல, கோப்பையைக் காலியாக்கித் திருப்பிக் கொடுக்கும்போது வாசலில் நிற்பவளோடு இரண்டு வார்த்தை கதைக்கலாம் என்பதனால். ஏற்கனவே பருத்த உடம்பு அந்த ஒன்றரை மாதத்தில் இன்னும் பருத்தது.

நாற்பத்தைந்தாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகையில், குனிந்த ருகூவிலிருந்து நிமிர்ந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். கணவரின் தங்கை ஜெமீலாதான் அப்போது வீட்டிலிருந்தாள். அவளே கார் பிடித்து, யன்னல்களுக்குப் படுக்கைச் சீலை கட்டி, ஸம்ஸியாவைக் கல்முனையில் டொக்டர் குணத்தின் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனாள். வாசல் வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“நீங்க போங்க மச்சி. எனக்கு அந்த மருந்து மணம் ஏலாது. காக்காட மையித்துக்குப் போட்ட கற்பூர மணம் மாதிரிக் கிடக்கி. நான் காருக்குள்ள இரிக்கன்.”

உள்ளே மருத்துவமாது ஸுல்பிகா திரைச்சீலையை இழுத்துவிட்டு அருகில் நின்றாள். டொக்டர் குணம் தம்பிலுவில்காரர்; மெலிந்த, நெடிய மனிதர். தராசைப் பார்த்தார், பிறசர் பார்த்தார், ஆதம்பாவா எப்படிப் போனார் என்று கேட்டார். அவள் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டார்.

“உங்கட எடை இருநூற்றிரண்டு றாத்தல், அம்மா. பிறசரும் கூட. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிக் கொலஸ்ட்ரோல் பார்ப்பம். அந்த நெய்யையும் தேங்காய்ப்பாலையும் இண்டையோட நிப்பாட்டுங்க. மற்றது, நடக்கவேணும். வேர்க்க வேர்க்க, மூச்சு வாங்க வாங்க நடக்கவேணும்.”

“நான் இத்தாவில இரிக்கன், ஐயா. இன்னும் எம்பத்தஞ்சு நாள் கிடக்கி.”

“அதுவரைக்கும் உங்கட நெஞ்சு பொறுக்குமெண்டு நான் எழுதித் தரேலாது. வீட்டுக்குள்ள இருந்து செய்யக்கூடிய பாரமான வேலை என்ன தெரியும்?”

ஸம்ஸியா யோசித்தாள். “மா இடிப்பன்.”

டொக்டர் முதன்முறையாகச் சிரித்தார். “நான் படிக்கிற காலத்தில அரைமைல் ஓடினவன், அம்மா. எங்கட பயிற்சியே அதுதான். ஒரு நிமிசம் மூச்சு முட்ட ஓடு, ரெண்டு நிமிசம் ஆறு, திரும்ப ஓடு. நீங்களும் அப்படி இடியுங்க. முதல் கிழமை மெல்லமா மூண்டு தரம். மறுகா ஒவ்வொண்டாக் கூட்டுங்க, வேகத்தையும் கூட்டுங்க. நெஞ்சு நொந்தா அந்த இடத்திலயே உலக்கைய வைச்சிடவேணும்.”

“இடிச்சா அந்தக் கொழுப்புக் கரையுமா, ஐயா?”

“சத்தியம் பண்ண மாட்டன். ஓடுற ஆக்கள்ட இரத்தத்தில நல்ல கொழுப்புக் கொஞ்சம் கூடுது, கெட்டது கொஞ்சம் குறையுது எண்டு வெளிநாட்டுச் சஞ்சிகைகள்ல எழுதுறாங்கள். உலக்கையப் பற்றி இன்னும் ஒருத்தனும் எழுதல்ல. அத நீங்கதான் எனக்குச் சொல்லவேணும்.”

காருக்குத் திரும்பியவள், வெறும் தலைச்சுற்றுத்தானாம் என்று மட்டும் ஜெமீலாவிடம் சொன்னாள். இரண்டு கிழமை கழித்து ஸுல்பிகா இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கொண்டுவந்தாள். கொலஸ்ட்ரோல் முந்நூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றைம்பதுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். அந்த எண்ணை ஸம்ஸியா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதம்பாவாவின் இரத்தத்தை யாரும் இப்படி எண்ணிப் பார்க்கவில்லை.

“ஒருத்தருக்கும் சொல்லிடாத புள்ள. றஸாக்ட காதுல விழுந்தா வேலைய உட்டுட்டு ஓடி வந்துடுவான். வாப்பா போனது போதாம உம்மாவுமா எண்டு துடிச்சுப் போவான்.”

“நான் ஏன் ராத்தா சொல்லப்போறன்? ஆனா இடிங்க. கட்டாயம் இடிங்க.”

அன்று அஸருக்குப் பின்னர்தான் அவள் இடிக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு நாளும் அரிசி போட்டாள். மா குவிந்தது. அதைச் சுட்டுத் தின்னவும் கூடாது. கொடுத்தனுப்பினால் எதற்கு இடித்தாய் என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அடுப்பெரிக்கவென்று சொல்லி, ரைஸ்மில் முகம்மது தம்பியின் வண்டிலில் நாலு சாக்கு உமி எடுப்பித்தாள். உமியை எவ்வளவு இடித்தாலும் ஒருவரும் பங்கு கேட்க மாட்டார்கள்.

நிமிடம் பார்க்க அவளிடம் மணிக்கூடு இருந்தது. ஆனால் உலக்கையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்க்க முடியவில்லை. ஆகவே இடிகளை எண்ணினாள். முப்பத்துமூன்று இடி. தொழுகைக்குப் பின் விரல்மடித்து ஓதிப் பழகிய எண்ணாகையால், தவறாமல் வந்தது. முப்பத்துமூன்று முடிந்ததும் சுவரில் சாய்ந்து நின்று ஆறுவாள். முதல் நாள் மூன்றாவது தரத்தில் கண் இருண்டது. ஒரு கிழமையில் ஐந்து தரம் இடித்தாள். ஒரு மாதத்தில் பத்து. உலக்கை தலைக்கு மேலே போய் உரலுக்குள் இறங்கும் வேகம் கூடியது. வெள்ளைச் சீலை முதுகில் ஒட்டிப்போகும். உமித்தூள் மூக்கினுள் ஏறித் தும்மலாக வரும். கடைசித் தரம் முடிந்து உலக்கையைச் சாத்திவிட்டு, செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கும்போது மட்டும் அவளுக்குத் தன் உடம்பு தன்னோடு இருப்பதாகத் தோன்றும். பிறகு வியர்வை காயும். வீடு பழையபடி அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குள் அந்தி மஃரிப் தொழுகை வரையில் அவள் செய்வதற்கு ஒன்றுமே இராது.

மூடிய கோப்பைகளை அவள் திருப்பி அனுப்பத் தொடங்கினாள். “வயிறு சரியில்ல” என்றாள். வாசலில் நின்று கதைப்பவர்களும் அதனோடு நின்றார்கள்.

ஊர் அதற்குள் தன் கணக்கைச் செய்துவிட்டிருந்தது. எழுத்தறியாதவர்கள் கூட இத்தகைய கணக்குகளில் வல்லவர்களாகிவிடுகிறார்கள். ஒரு விடையைக் கண்டபின் அதைச் சரிபார்க்கும் வழக்கம் மட்டும் எவரிடமும் இல்லை. தொண்ணூற்றைந்தாம் நாள் ஸுல்பிகா வந்து திண்ணைக் குந்தில் தொப்பென்று அமர்ந்தாள்.

“ராத்தா, ஒங்களுக்குக் கலியாணமாம்.”

“ஆருக்கு?”

“ஒங்களுக்குத்தான். ரைஸ்மில் முகம்மது தம்பி பொஞ்சாதி இல்லாம மூணு வருசமா இரிக்காரெல்லவா? அவர்ட மில்லுல இருந்து சாக்குச் சாக்கா அரிசி வந்து இறங்கினதாம். இத்தா முடிஞ்ச மறுகிழமை நிக்காஹ்வாம். பலகாரத்துக்கு நீங்க ஒவ்வொரு நாளும் மா இடிக்கிறீங்களாம். சாப்பாட்டத் திருப்பி அனுப்புறது, மாப்புள்ளைக்காக மெலியிறதுக்காம்.”

ஸம்ஸியா சிரித்தாள். கணவர் போனபின் சிரிப்பது அதுவே முதல் தடவை. முகம்மது தம்பிக்கு அறுபத்தாறு வயது. வாயில் நாலு பல்லும் இல்லை.

“சிரிக்காதீங்க ராத்தா” என்றாள் ஸுல்பிகா. “இத்தாக்குள்ள கலியாணம் பேசுறது எவ்வளவு பெரிய குத்தம். டொக்டர்ட துண்டக் காட்டுங்களன்.”

“ஆருக்குக் காட்ட? சல்மா மாமிக்குக் காட்டினா அடுத்த பிளேனுல அது தம்மாமுக்குப் போயிரும். கதைக்கிறவங்க கதைக்கட்டும்.”

அவள் மறைத்த செய்தி போகவில்லை. ஊர் கட்டிய செய்தி போய்விட்டது. நூற்றெட்டாம் நாள், தம்மாமிலிருந்து லீவில் வந்த ஒருவர் கையில் றஸாக் பேசிப் பதிந்த கசற் வந்தது. மாதம் ஒன்று வரும். கடிதத்தைவிட அவனுடைய குரல் மேலானது என்று, ஒரே கசற்றைப் பத்து நாள் போட்டுக் கேட்பாள். அன்றும் கதவைச் சாத்திவிட்டு, கை கழுவி வந்து, றேடியோவின் பொத்தானை அழுத்தினாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. ஜெமீலா மாமி காயிதம் போட்டிருந்தா. வாப்பாட கபுறு மண் இன்னும் காயல்ல. நான் ஒண்டும் கேக்கல்ல உம்மா. ஒங்கட வாழ்க்க ஒங்களுக்கு. ஆனா நான் லீவுக்கு வரல்ல. அந்த வீட்டுக்குள்ள இன்னொராள் இரிக்கிற நேரம் எனக்கு அங்க என்ன வேலை?”

அவ்வளவுதான். அறுபது நிமிடக் கசற்றில் மிச்சமெல்லாம் வெறும் இரைச்சல். இன்னும் ஏதாவது சொல்லியிருப்பானோ என்று அவள் இரண்டு பக்கத்தையும் கடைசி வரை ஓடவிட்டுக் கேட்டாள். அன்று அவள் இடிக்கவில்லை.

மறுநாளும் இடிக்கவில்லை. அதற்கு மறுநாள் ஜெமீலா வந்தாள். பத்துப் பன்னிரண்டு நாளாக வராதவள், ஸலாம் சொல்லாமலே குசினிக்குள் நுழைந்தாள்.

“மாவெல்லாம் இடிச்சு முடிஞ்சா மச்சி? ரெண்டு நாளாச் சத்தத்தக் காணல்ல.”

“நீதான் என்ட புள்ளைக்கு எழுதினாயா?”

“ஓம், நான்தான். பின்ன ஆரு எழுதுற? என்ட காக்கா மௌத்தாகி நாலு மாசமில்ல. ஊருக்குள்ள தல நிமிந்து நடக்கேலாமக் கிடக்கி எனக்கு. எங்க அந்தப் பலகார மா? நானும் பாக்கட்டும்!”

அவள் மூலையிலிருந்த சாக்கை இழுத்து வாயைப் பிரித்தாள். உமி. அடுத்த சாக்கையும் பிரித்தாள். உமி. உரலுக்குள் கையை விட்டு அள்ளினாள். விரல்களுக்கிடையே சாம்பல்நிறத் தூள் ஒழுகியது.

“என்னகா இது?” ஜெமீலாவின் குரல் இறங்கிவிட்டது. “உமியையா இடிக்கிறீங்க? விசரா ஒங்களுக்கு?”

ஸம்ஸியா அலுமாரியிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தாள். டொக்டர் சொன்னதை முதலிலிருந்து முடிவு வரை சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இனி எல்லாம் சரியாகிவிடும், ஜெமீலா தன்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், இன்றைக்கே றஸாக்குக்கு மறுத்து எழுதுவாள் என்று அவளுக்குத் தோன்றியது. நூற்றுப்பத்து நாளில் ஒருவரோடு இவ்வளவு நீளமாக அவள் கதைத்ததில்லை.

ஜெமீலா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப நீங்க சாகக் கூடாதெண்டு இடிக்கிறீங்க.”

“ஓம்.”

“என்ட காக்காவுக்கு நெஞ்சு அடைச்ச நேரம் கசாயம். ஒங்களுக்கு நெஞ்சு அடைச்ச நேரம் டொக்டரு, கொழும்பு, இரத்தம், துண்டு. அந்த டொக்டர் கல்முனையிலதானே இருந்தார் மச்சி? அண்டைக்கும் அங்கதானே இருந்தார்?”

ஸம்ஸியா துண்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

“கலியாணமெண்டாக் கூட நான் பொறுத்திரிப்பன்” என்றாள் ஜெமீலா. அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன. “அவர் மண்ணுக்குள்ள. நீங்க இஞ்ச இருந்து உசிருக்கு இடிக்கிறீங்க.”

துண்டை உரலின் விளிம்பில் வைத்துவிட்டு அவள் போனாள்.

கலியாணக் கதை அதன்பின் ஒரு கிழமையில் அடங்கிற்று. அதற்குப் பதிலாக, சாகப் பயந்து உமி இடிக்கிறவள் என்று ஊர் சொல்லத் தொடங்கியது. கணவனை இழந்தவள் வாழ ஆசைப்படுவது குற்றமென்று இந்த மக்கள் எங்கே படித்தார்களோ, யார் இவர்களுக்குக் கற்பித்தார்களோ, அறியேன். ஆனால் ஸம்ஸியாவை வதைத்தது ஊர்ப்பேச்சு அன்று, ஜெமீலாவின் கேள்விதான். இரவும் பகலும் அதற்கு விடை தேடினாள். தெரியாது என்பதைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை. நெஞ்சடைப்பு என்றால் வாய்வு என்றுதான் அவளுடைய உம்மா சொல்லியிருந்தாள். ஆதம்பாவாவுக்கும் அதுதான் தெரியும். கேள்வி கேட்டவளும் அன்று அதே குசினியில் உள்ளி உரித்துக் கொடுத்தவள்தான். அதை ஜெமீலாவிடம் சொல்லிக்காட்ட ஸம்ஸியாவுக்கு மனம் வரவில்லை.

ஜெமீலா வந்துபோன மூன்றாம் நாள் உலக்கையைத் தூக்கினாள். நெஞ்சு வலிக்குமோ என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. முப்பத்துமூன்று எண்ணினாள்.

றஸாக்குக்குப் பதில் பதிய அவள் மூன்று தரம் முயன்றாள். ஒவ்வொரு தரமும், “மனே, அது பொய்” என்று தொடங்கி, அப்படியென்றால் எதற்கு இடித்தீர்கள் என்று அவன் கேட்பானே என்ற இடத்தில் நின்றுபோனாள். அழித்துவிட்டாள்.

நூற்று முப்பதாம் நாள் முடிந்தது. குளித்தாள், துஆ ஓதினார்கள், நிறச்சீலை உடுத்தாள். வந்த பெண்கள் ஏழு பேர். ஜெமீலா வரவில்லை. மறுநாள் ஸம்ஸியா தனியே பஸ் ஏறிக் கல்முனைக்குப் போய் இரத்தம் கொடுத்தாள். பதினைந்து நாளில் முடிவு வந்தது.

“எடை நூற்றெண்பத்தைந்து றாத்தல். பதினேழு இறங்கியிருக்கு” என்றார் டொக்டர் குணம். “பிறசர் நல்லாக் குறைஞ்சிருக்கு. கொலஸ்ட்ரோல் இருநூற்றெண்பத்தொண்டு.”

“இருநூற்றைம்பதுக்குக் கீழ வரவேணுமெண்டீங்க.”

“வரல்ல, அம்மா. முப்பத்தொண்டுதான் குறைஞ்சிருக்கு. சாப்பாட்டால எவ்வளவு, உலக்கையால எவ்வளவு எண்டு என்னால பிரிச்சுச் சொல்லேலாது. நல்ல கொழுப்பு எவ்வளவு ஏறினதெண்டு பார்க்க இஞ்ச வசதியுமில்ல. நான் இன்னும் கூட எதிர்பார்த்தன்.” அவர் சற்று வெட்கப்பட்டவர்போல் துண்டை மடித்தார். “நிப்பாட்டாதீங்க. நிப்பாட்டினா இறங்கினது ஏறிடும்.”

“எவ்வளவு நாளைக்கி, ஐயா?”

“உசிரோட இருக்கிற நாளெல்லாம்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் றேடியோவை மேசையில் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். இம்முறை அது பொய் என்று தொடங்கவில்லை.

“மனே, உம்மாட இரத்தத்தில கொழுப்பு முன்னூத்திப் பன்ரெண்டு இருந்திச்சி. இப்ப இருநூத்தி எம்பத்தொண்டு. உமி இடிச்சுத்தான் குறைச்சன். கலியாணமுமில்ல, பலகாரமுமில்ல. வாப்பாவுக்கு நான் ஒண்டும் செய்யல்ல மனே. எனக்குத் தெரியாமப் போயித்து. தெரிஞ்ச பொறகு எனக்கு நான் செஞ்சன். உன்ட மாமி அதக் குத்தமெண்டு சொல்றா. குத்தமெண்டாலும் இரிக்கட்டும். எனக்குச் சாக விருப்பமில்ல. உன்னட்ட மறைச்சதுக்கு மன்னிச்சுக்க. வேலைய உட்டுட்டு வந்துடாத.”

பொத்தானை நிறுத்தினாள். போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் அழித்துவிடுவாளென்று அவளுக்கே தெரியும்.

முப்பத்திரண்டு நாள் கழித்து, கசற்றுக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. அவன் குரல் இல்லாத காகிதம். நான்கு வரி. ‘உம்மா, கசற் கிடைத்தது. மாமி சொன்னதை நம்பியது என் பிழை. லீவு இந்த வருடம் கிடைக்காது; வேறொருவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதுவரைக்கும் இருங்கள் உம்மா.’

கடைசி வரியை அவள் பலமுறை வாசித்தாள்.

மறுநாள் விடியலில் சுபஹ் தொழுது, முக்காட்டை இறுக்கிக்கொண்டு அவள் கடற்கரைக்கு இறங்கினாள். இத்தா முடிந்து நாற்பது நாளுக்கு மேலாகியும் அவள் அந்தப் பக்கம் போனதில்லை. கரைவலைக்காரர்கள் தோணி தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்து பார்த்து மற்றவனிடம் ஏதோ சொன்னான். அவள் ஈரமணலில் இறங்கி வடக்கே நடந்தாள். மெல்ல அல்ல, மூச்சு வாங்க, கைகளை வீசி. முப்பத்துமூன்று அடி வேகமாக, பிறகு ஆறுதலாக, மறுபடி வேகமாக. கூட வந்து கதைக்க ஒருவரும் இல்லை. தோணிகள் சிறுத்து, ஆட்களின் குரல் அடங்கி, அலையும் அவளுடைய மூச்சும் மட்டும் கேட்கும் இடத்துக்கு வந்தபோது வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அங்கே நின்று முகத்தைத் துடைத்தாள். வந்த வழியைப் பார்த்தாள். வீடு தெரியவில்லை, தென்னைகள் மட்டும் தெரிந்தன. அவ்வளவு தூரத்தையும் திரும்பவும் நடக்க வேண்டும். நாளைக்கும் நடக்க வேண்டும். அவள் எண்ணத் தொடங்கினாள்.